சோறு ஆறும் கட்டம்

டிசம்பர் 20

கொடிக்கால்புதூர் வந்து சேர்ந்துவிட்டேன். வந்து சேர்ந்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பேருந்து பாதியில் நின்றது, மணல் லாரியில் ஏறினேன், அதுவும் நின்றது, கடைசியில் முழங்கால் சேற்றில் நடந்தேன். ஒரு செருப்பைச் சேறு இழுத்துக்கொண்டது. இன்னொன்றை நானே கோபத்தில் தூக்கி எறிந்தேன். இப்போது கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை அறையில் வெறுங்காலோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு போய்விட்டது. சுற்றியுள்ள சிற்றூர்கள் எல்லாம் தண்ணீருக்கு நடுவே நிற்கின்றன. மேட்டில் இருக்கிற இந்த மண்டபத்தில் சோறு பொங்கி, பொட்டலம் கட்டி, டிராக்டரிலும் படகிலும் அனுப்புகிறார்கள். நடத்துவது ஓர் அறக்கட்டளை. அதன் சார்பாக இங்கே இருப்பவள் ஜோவிட்டா, தூத்துக்குடிப் பெண், முப்பது வயதிருக்கும், தொண்டை கட்டிப் போயிருக்கிறது. என் வேலை இந்தச் சமையலைச் சித்திரக்கதையாக வரைவது. அரிசி களைவதில் தொடங்கிப் படகில் ஏற்றுவது வரை. மற்ற ஊர்களில் அடுப்பு மூட்டுகிறவர்கள் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். பிறகு புத்தகமாகவும் வருமாம்.

அட்டையில் என் பெயர் இருக்கும் என்று ஜோவிட்டா போனில் சத்தியம் செய்தாள். அதற்காகத்தான் வந்தேன். சேவை, மனிதநேயம் என்றெல்லாம் டைரியிலும் பொய் எழுத வேண்டாம். குழந்தைப் பாட்டுப் புத்தகம், பட்டாசுப் பெட்டி, தினசரி நாட்காட்டி என்று இத்தனை வருஷமாக வரைந்து தள்ளியிருக்கிறேன். 'படம்: வினோதினி' என்று ஒன்றிலாவது ஒரு வரி உண்டா? பென்சிலுக்கு யாராவது பெயர் போடுவார்களா என்று ஒரு முதலாளி என் முகத்துக்கு நேராகவே கேட்டான்.

தலைமைச் சமையல்காரரை இந்தப் பக்கத்தில் தவசுப்பிள்ளை என்கிறார்கள். பெயர் ஆறுமுகநயினார். அறுபது வயதிருக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் இவருடைய அடுப்புதான் என்று ஜோவிட்டா சொன்னாள். அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வரைதாளைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ள என்ன சோலிக்கு வந்துருக்கு?"

"படம் வரைய வந்துருக்காங்க அண்ணாச்சி. உங்க சமையலத்தான் படமா போடப் போறாங்க."

"ஊரே தண்ணியில கெடக்கு. படந்தான் கொறச்சலாக்கும்? வெங்காயம் உரிக்கத் தெரியுமான்னு கேளு."

என்னிடம் கேட்கவில்லை. என்னைப் பற்றி, என் முன்னால், ஜோவிட்டாவிடம் கேட்டார். அந்த நிமிஷமே எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போயிற்று.

டிசம்பர் 21

இன்று வரைந்தது ஒன்றுமில்லை. உரித்தது ஒரு மூட்டைச் சின்ன வெங்காயம்.

மண்டபத்தில் தங்கியிருக்கிறவர்களுக்குச் சாம்பார் சாதம், படகில் போகிறவர்களுக்குப் புளிச்சோறு. சாம்பாருக்கு வெங்காயம் போதவில்லை என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். நான் ஓவியர் என்று சொன்னேன். "கண்ணு நல்லா தெரியும்லா, அப்போ உரி" என்றார் தவசுப்பிள்ளை. கண் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

பக்கத்தில் காய் நறுக்கிய பேச்சியக்கா என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். "அண்ணாச்சி அப்படித்தான் எரிஞ்சு விழுவாக. மனசுல ஒண்ணும் கெடையாது." மனசில் ஒன்றும் கிடையாதாம். எல்லாவற்றையும் வாயில் வைத்திருக்கிறார்.

ஒன்றைக் கவனித்தேன். அவர் கடந்து போனால் புளி வாடையோடு கோடாலித் தைல வாடையும் வருகிறது. அடுப்படியில் தைலம் தடவிக்கொண்டு நிற்பது என்ன சுத்தமோ தெரியவில்லை.

டிசம்பர் 22

கடைசியில் பென்சிலைத் தொட விட்டார்கள். ஜோவிட்டா சண்டை போட்டு வாங்கித் தந்த அனுமதி. வேலை நடக்கிற இடத்தில் குறுக்கே நிற்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, சட்டியைத் தொடக் கூடாது. சரி என்றேன். குறுக்கே நின்றேன், கேள்வி கேட்டேன்.

முதல் படத்தில் அவரை அண்டா முன்னால் நிறுத்தி, கையில் கரண்டி கொடுத்து, தொப்பையைச் சற்றுத் தாராளமாகவும் மீசையை இன்னும் தாராளமாகவும் வரைந்தேன். வெங்காயம் உரிக்க வைத்ததற்குப் பதிலடி. பெண்கள் எல்லாம் சிரித்து மாளவில்லை. பேச்சியக்கா அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து பார்த்தாள். "அப்படியே அண்ணாச்சிதான்! இருட்டுல பாத்தாலும் சொல்லிருவேன்."

அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்டாச் சோத்தக் கரண்டியிலயா கிண்டுவா? அதுக்குப் பேரு துடுப்பு. தொப்பையப் பாக்கத் தெரியுது, கையில இருக்கிறது தெரியல."

துடுப்பை மாற்றினேன். தொப்பையை மாற்றவில்லை.

பக்கத்தை மனதுக்குள் கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டேன். களைவது, உலை கொதிப்பது, வடிப்பது, ஓலைப்பாயில் வேட்டி விரித்துச் சோற்றைக் கொட்டுவது, அப்புறம் புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் விட்டுக் கலப்பது, இலையில் கட்டுவது, படகு. வெள்ளத்தில் சாய்ந்த வாழைகளின் இலைகள்தான் பொட்டலத்துக்கு. ஒன்றாவது முழுசாக இல்லை. கிழிசலோடுதான் வரைந்தேன்.

மத்தியானம் ஒன்று நடந்தது. கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் சோற்றைக் கொட்டியதும் எல்லோரையும் வெளியே விரட்டினார். நான் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். பாய் நிறையச் சோறு, மேலே ஆவி. அவர் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேறெதுவும் நடக்கவில்லை. அந்த வாய் மூடியிருந்து இன்றுதான் பார்க்கிறேன். மளமளவென்று வரைந்தேன். இந்தப் பயணத்தில் நான் வரைந்ததில் அதுதான் நல்ல படம். அந்தக் கைகள் அப்படி வந்திருக்கின்றன. ஆளைப் பிடிக்காது, படம் பிடித்திருக்கிறது.

"எதுக்கு சும்மா உக்காந்திருக்காரு?" என்று பேச்சியக்காவிடம் கேட்டேன்.

"சோறு ஆறணும்லா. சூட்டோட கெட்டுனா வேர்த்து ஊசிப் போவும். நின்னா கை பரபரங்கும், தொட்டுருவோம்னு உக்காந்துருவாக." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வெளிய சொல்லிராதம்மா. கல்யாண வீட்டுல கடைசிப் பந்தி எந்திரிக்கிற மட்டும் தவசுப்பிள்ளை உக்காரக் கூடாது. உக்காந்தா ஆளு தளந்துட்டாருன்னு அர்த்தம்."

என்ன சட்டமோ. நான் உட்கார்ந்துதான் வரைகிறேன், யாரும் என்னைத் தளர்ந்துவிட்டாய் என்று சொன்னதில்லை.

டிசம்பர் 23

சண்டை. நேரடியான, ஊர் கூடிப் பார்த்த சண்டை.

காலையில் பக்கம் தயார். மை போட்டு, வண்ணம் போட்டு, சுவரில் ஒட்டிவைத்தேன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். அவரும் வந்தார். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நாற்காலிப் படத்தில் நின்றுவிட்டார்.

"இதக் கிழி."

"எதுக்கு?"

"நான் உக்காந்துருக்கேன்."

"உக்காந்துதானே இருந்தீங்க?"

"கொல்லையில உக்காந்தேன். ஊரு பாக்கவா உக்காந்தேன்? தை பொறந்தா கல்யாணம். இதப் பாத்துட்டு எவன் என்னையக் கூப்பிடுவான்? நயினாருக்கு நிக்க முடியல, வேற ஆளப் பாருங்கன்னு போயிர மாட்டான்?"

"நிக்க முடியலையா உங்களுக்கு?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "கிழின்னு சொன்னேன். இல்லன்னா நாளையிலருந்து அடுப்படிப் பக்கம் ஒன் தலை தெரியக் கூடாது."

நான் கத்தினேன். உங்கள் அடுப்பு உங்கள் சொத்து என்றால் என் படம் என் சொத்து என்றேன். அவரும் கத்தினார். ஜோவிட்டா நடுவில் வந்து, இல்லாத குரலை வைத்துக்கொண்டு கெஞ்சினாள். நடுக்கரைப் பள்ளிக்கூடத்தில் நாளை ஒரு புது அடுப்பு மூட்டுகிறார்களாம். எல்லோரும் காலேஜ் பிள்ளைகள், வீட்டில் காபி கூடப் போட்டதில்லை. இந்தப் பக்கம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். இன்னொரு காற்றழுத்தம் வேறு வருகிறது.

"ஒரு கட்டந்தானக்கா? விட்டுக் குடுத்துருங்க. இன்னைக்கு அனுப்பியே ஆகணும்."

யோசித்தேன். சித்திரக்கதையில் ஒரு கட்டம் என்றால் அதில் ஏதாவது நடக்க வேண்டும். இதில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கதைக்கு ஒன்றும் குறையாது. பிளேடால் அறுத்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, ஒரு பார்வை பார்த்து, அடுப்பில் போட்டார். என் நல்ல படம்.

அந்த இடம் வெள்ளையாகப் பல்லிளித்தது. பின்னால் புதுத் தாளை ஒட்டி, 'கதை, படம்: வினோதினி' என்று எழுதினேன். கிடைத்த இடம் பெரிது, எழுத்தும் பெரிதாகவே இருக்கட்டும் என்று சுற்றிலும் ஒரு வாழைக்கொத்தும் வரைந்தேன். பார்க்க நன்றாக இருந்தது. உண்மையில் அந்தப் பக்கத்துக்கே ஒரு நிறைவு வந்துவிட்டது.

ஜோவிட்டா போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள்.

டிசம்பர் 24

பெரம்பூரில் இருக்கிற அண்ணி வரைக்கும் படம் போய்விட்டது! யாரோ அனுப்பியதை எனக்கே திருப்பி அனுப்பி, 'இது நீதானா?' என்று கேட்டிருக்கிறாள். நான் வரைகிறேன் என்பதையே ஒரு வியாதி போல மற்றவர்களிடம் சொல்கிற அண்ணி.

நான்தான் என்று பதில் போட்டேன். நான்தான், நான்தான், நான்தான்.

டிசம்பர் 25

மழை. கிறிஸ்துமஸ் என்று ஜோவிட்டாவுக்காகப் பேச்சியக்கா கேசரி கிண்டினாள். தவசுப்பிள்ளை எனக்கு மட்டும் முந்திரி இல்லாத ஓரமாகப் பார்த்து வெட்டி வைத்தார். கண்ணால் பார்த்தேன்.

டிசம்பர் 26

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

நடுக்கரையிலிருந்து பொட்டல்விளைக்குப் போன பொட்டலங்கள் ஊசிப்போய்விட்டன. பொட்டல்விளை நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர். படகு மழையில் சுற்றிச் சுற்றிச் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிரித்தால் நூல் நூலாக இழுத்ததாம். பசி தாங்காமல் சிலர் தின்றிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஜோவிட்டா சொன்னாள். சொல்லிவிட்டு மாப்பிள்ளை அறைக் கதவுக்குப் பின்னால் போய் அழுதாள்.

நடுக்கரைக் காலேஜ் பிள்ளைகளிடம் போனில் கேட்டாள். என்ன செய்தீர்கள்? படத்தில் இருக்கிற மாதிரியே செய்தோம் அக்கா. பாயில் கொட்டினோம், உடனே கலந்தோம், கட்டினோம். இலை கிடைக்கவில்லை, சில்வர் கவரில் போட்டோம். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தோம்.

ஜோவிட்டா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். எல்லோரும் சுவரைப் பார்த்தோம். பாயில் கொட்டுகிற கட்டத்துக்கும் கலக்கிற கட்டத்துக்கும் நடுவில் வாழைக்கொத்து இருந்தது.

யாருக்காவது சாதாரண அறிவு வேண்டாமா? சுடுசோற்றை யாராவது கவரில் போடுவார்களா? படகு நேரத்துக்குப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மழையை நான் வரவழைக்கவில்லை.

டிசம்பர் 27

யார் தப்பு என்று பட்டிமன்றம் நடக்கிறது.

அவர்தான் கிழிக்கச் சொன்னார். சாட்சி இருக்கிறது. அதை அவரிடமே சொன்னேன். "நீங்கதான் கிழிக்கச் சொன்னீங்க."

"கிழின்னேன். அதுக்குப் பதிலா வேற படம் போடாதேன்னு சொன்னேனா? சோத்த மட்டும் வரைஞ்சிருக்கலாம்லா? நாற்காலியத் தூக்குனா சோத்தையும் சேத்தா தூக்குவா?"

"நான் சமையல்காரி இல்ல. ஆற வைக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த பேச்சியக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "அன்னைக்கே நான் ஒங்கிட்டச் சொன்னேம்லா."

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அவள் அடுத்த காயை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

சென்னையிலிருந்து அறக்கட்டளைப் பெரியவர் ஜோவிட்டாவை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டாள். பழைய படத்தை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று அறிக்கை விடலாம், வரைந்தவருக்கு அனுபவம் போதாது என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம், பெயர்தான் அவ்வளவு பெரிதாக இருக்கிறதே. படம் இப்போது முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது. கீழே ஆளுக்கு ஒரு வசை.

அண்ணி மறுபடியும் அனுப்பியிருக்கிறாள். அதே படம், அதே கேள்வி. 'இது நீதானா?'

இன்னும் பதில் போடவில்லை.

டிசம்பர் 28

பொட்டல்விளைக்குப் போய் வந்தேன்.

அந்த ஊருக்குச் சோறு போயாக வேண்டும். யாரும் வாங்க மாட்டார்கள் என்று படகுக்காரர் சொன்னார். ஆளை அனுப்பிப் பயனில்லை, நானே போகிறேன் என்று தவசுப்பிள்ளை கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். அவர் தனியாகப் போனால் என்னைப் பற்றி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதற்காக. படகில் அவர் ஒரு முனை, நான் மறுமுனை, நடுவில் பொட்டலக் கூடைகள்.

கண்மாய்க் கரையில் ஊரே நின்றது. படகு நெருங்கும்போதே ஒரு பெண் கையை நீட்டிக் கத்தினாள்.

"இவன்தான்! படத்துல இருக்கவன் இவன்தான்! அந்தத் தொப்பையும் மீசையும் பாரு!"

நடுக்கரைப் பிள்ளைகள் என் பக்கத்தை நகல் எடுத்து ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். சோறு எப்படி வந்தது என்று ஊருக்குத் தெரியட்டும் என்று ஆசையாக ஒட்டியிருக்கிறார்கள்.

முதல் பொட்டலம் அவர் தோளில் விழுந்தது. பழைய சில்வர் கவர், ஈ மொய்த்தது. இரண்டாவது படகில் விழுந்து உடைந்தது. நாற்றம் என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. "என் மவ வயித்தப் பிடிச்சுட்டுக் கெடக்கா, நீ தொப்பையத் தள்ளிட்டு வாரியா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அது அவர் சமைத்த சோறு இல்லை. அவர் சொல்லியிருக்கலாம். இந்தப் பெண்தான் வரைந்தாள், இவள்தான் அறுத்து எடுத்தாள் என்று ஒரு விரலை என் பக்கம் நீட்டியிருந்தால் போதும். நான் அந்த விரலுக்காகக் காத்திருந்தேன். வாயைத் திறந்து நான் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மைதான். நானும் சொல்லவில்லை.

அவர் நீட்டவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கரையில் கால் வைத்ததும் வலது முழங்கால் மடங்கிவிட்டது. கூடையை மட்டும் கீழே விடாமல் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். எழப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை என்னுடையது என்பது போல.

மூன்றாவது தடவை அவர் எழ முயலவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே காலை நீட்டினார். கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எல்லோருக்கும் முன்னால், முதல் ஆளாகச் சாப்பிடத் தொடங்கினார். முழுசையும் சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் வந்து தின்னு."

வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, வீம்புக்காக அவர் அடுப்புச் சோற்றை நான் வாயில் வைத்ததே இல்லை. பேச்சியக்கா வீட்டு இட்லியும் ரொட்டியும்தான். இறங்கிப் போய்ச் சேற்றில் உட்கார்ந்து தின்றேன். நன்றாக இருந்தது. எழுதவே எரிச்சலாக இருக்கிறது, ரொம்ப நன்றாக இருந்தது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்றது.

அந்தப் பெண் எங்கள் இருவர் வாயையும் கடைசிக் கவளம் வரை பார்த்தாள். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து, மோந்து, கொஞ்சம் தின்று, கொஞ்ச நேரம் நின்று, மீதியை இலையோடு மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்புறம்தான் மற்றவர்கள் வந்தார்கள். நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பி வருகையில் கேட்டேன். "ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கல?"

"ஒன் மேல பாசம்னு நெனச்சியோ? ஒன்னையச் சொன்னா, ஏன் கிழிச்சன்னு கேப்பான். நான் உக்காந்த கதை வெளிய வரும்லா."

"இப்போ ஊர் முன்னாடியே உக்காந்துட்டீங்களே."

அவர் தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தைல வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது. இப்போதுதான் அது எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

டிசம்பர் 29

அறிக்கை போய்விட்டது. யாரும் படிக்கவில்லை. இன்னும் இரண்டு ஊர்களில் பழைய பக்கத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்று தகவல். நாளை மறுநாள் திரும்பவும் மழை, அங்கேயும் படகு தாமதமாகும். படத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. இன்னொரு படம் அதை ஓடிப்போய் முந்த வேண்டும்.

'சோற்றை நன்றாக ஆறவிடவும்' என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும் என்றாள் ஜோவிட்டா. போதாது என்றேன். அவசரத்தில் நிற்கிறவன் வரியைத் தாண்டிவிடுவான். ஒரு ஆள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால்தான் அவன் கையும் நிற்கும்.

நினைவிலிருந்து வரையப் பார்த்தேன். தொப்பை வருகிறது, மீசை வருகிறது. அந்தக் கைகள் வரவில்லை. திரும்பத் திரும்பக் கிழித்தேன். சும்மா இருக்கிற கையை வரைவது இத்தனை கஷ்டமா?

வேறு வழியில்லை. அவரிடம் போய்க் கேட்டேன். கெஞ்சவில்லை, கேட்டேன். துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 30

சோறு வடித்ததும் வாசல் பக்கம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மண்டபத்து முன்வாசல் பந்தலில், தெருவைப் பார்த்தபடி, ஓலைப்பாய் விரித்து வேட்டி போட்டிருந்தார்கள். சோறு வந்து விழுந்தது. ஆவிக்குப் பின்னால் தவசுப்பிள்ளை சிவப்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"கொல்லையில வெளிச்சம் காணாது. சீக்கிரம் வரை. ஆறுற மட்டுந்தான் இருப்பேன்."

உட்கார்ந்தார். காலை நீட்டினார். கையை மடியில் வைத்தார்.

தெரு நின்று பார்த்தது. நிவாரண அரிசி வாங்கப் போனவர்கள், டிராக்டர்காரர், மண்டபத்தில் தங்கியிருக்கிறவர்கள். அண்ணாச்சி உட்கார்ந்துட்டாரே என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கேட் வரை வந்து, இவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தை மாதம் அவர் வீட்டில்தான் பெரிய கல்யாணம் என்று பேச்சியக்கா என் காதில் சொன்னாள். தவசுப்பிள்ளையும் அந்த ஆள் போவதைப் பார்த்தார். ஒரு விரல் மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

நான் வரைந்தேன். கைகள் வந்தன.

"தொப்பையக் கொறச்சிருக்கியா?"

"இல்ல."

"திமிரு."

வண்ணம் வைத்துப் பழைய இடத்தில், வாழைக்கொத்தின் மேலேயே ஒட்டினேன். ஜோவிட்டா போட்டோ எடுக்கப் போனாள். அவர் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டிப் பக்கத்தை வாங்கினார். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்.

"பேரு எங்க?"

"போடல."

"ஏன்?"

"அந்த இடத்துலதான் உங்களை ஒட்டியிருக்கேன்."

"நல்லாருக்கே ஞாயம். மாலை விழும்போது பேரு வேணும், செருப்பு விழும்போது மூஞ்சி மட்டும் என்னுதா? போடு. நாற்காலிக்குக் கீழ போடு. எனக்கு விழுறது ஒனக்கும் விழட்டும்."

ஒரு நொடி அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. பேனாவை எடுத்தேன். நாற்காலிக் காலுக்குக் கீழே, இருந்த இடத்துக்குத் தகுந்தபடி சின்னதாக எழுதினேன். வினோதினி.

ஜோவிட்டா அனுப்பினாள். சோறு ஆறிவிட்டது. அவர் எழுந்திருக்கக் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. "ஏட்டி பேச்சி, இங்கன வா" என்று கூப்பிட்டு அவள் தோளைப் பிடித்து எழுந்து, கலக்கப் போய்விட்டார்.

மாப்பிள்ளை அறைக்கு வந்து போனைப் பார்த்தேன். அண்ணியின் கேள்வி அப்படியே இருந்தது.

நான்தான் என்று பதில் போட்டேன்.